உவரிக் கடலுக்கு எந்தக் கால்துடுப்பு?

தூத்துக்குடிக் கடலில் பல ஆண்டுகள் சங்கு குளித்துவிட்டு இப்போது திருநெல்வேலிக் கடற்கரை ஊரான உவரியில் மகள் வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவர், இளமையில் தாம் காலில் கட்டிய தகட்டை எடுத்து வந்து காட்டினார். பழைய அலுமினியத் தகட்டைப் பாதத்தைவிடச் சற்று அகலமாக வெட்டி, தோல் கிழியாதபடி ஓரத்தை மடக்கித் தட்டி, துளையிட்டு ரப்பர் வாரைக் கோத்திருந்தார்கள். முனையில் பாறையில் பட்ட நசுங்கல்கள் அப்படியே இருந்தன. இரு கைகளாலும் பிடித்து வளைத்துப் பார்த்தேன். அது கொஞ்சமும் வளையவில்லை. "ஏலே மக்கா, இது மேலயும் கீழயும் போய்ட்டு வாறதுக்கு உள்ளது. அடியில கெடந்து நீந்துததுக்கு இல்ல" என்றார்.

முக்குளிப்போர் நீந்துவதற்குக் காலில் மாட்டும் கால்துடுப்பைப் பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட இந்த ஒரு சொல் எனக்குப் பயன்பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நேராக இறங்கி, கைக்கு எட்டியதைப் பொறுக்கிக்கொண்டு, நேராக ஏறும் வேலைக்கு வளையாத தகடு போதும். அதற்கும் முந்திய முத்துக் குளிப்பில் இறங்குவதற்குக் காலை உதைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கயிற்றில் கட்டிய கல் ஆளை அடிக்கு இறக்கியது. மேலே வள்ளத்தில் நின்றவர் கயிற்றை இழுத்து ஆளை ஏற்றினார். ஸ்கூபா முக்குளிப்போ இந்த இரண்டிற்கும் எதிரானது. இதில் இறங்குவதும் ஏறுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிட, மிச்ச நேரம் முழுவதும் முதுகில் காற்று உருளையைச் சுமந்தபடி தரைக்கு இணையாக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறோம். ஆகவே எந்தக் கால்துடுப்பு சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதற்கு விடை இல்லை. எந்தக் கடலில், எந்த உதைக்கு, எந்தக் காலுக்கு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

நாங்கள் நான்கு பேர். இதுவரை வாடகைக் கால்துடுப்புகளை மாட்டிக்கொண்டு இறங்கியவர்கள், இந்த முறை சொந்தமாக வாங்குவதென்று முடிவு செய்தோம். இந்தக் கட்டுரை அந்த முடிவை நோக்கி நான் செய்த ஒப்பீடு. நாங்கள் இறங்குவது பெரும்பாலும் 10 முதல் 18 மீட்டர் ஆழமுள்ள பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும். அது ஓய்ந்த பிறகும் பாரின் இடுக்குகளில் மென்மணல் படிந்திருக்கும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பிடித்தால் போன வழியே திரும்புவது எளிதன்று. நீர் வெதுவெதுப்பானது என்பதால் மெல்லிய உடையே போதும். ஏணி இல்லாத பைபர் வள்ளத்திலிருந்து இறங்கி, அதிலேயே ஏற வேண்டும். இந்த ஐந்தும்தான் எங்கள் ஒப்பீட்டின் அளவுகோல்கள். வேறு கடலில் முக்குளிப்பவர் இதே கால்துடுப்புகளை வைத்து வேறு முடிவுக்கு வரலாம், வரவும் வேண்டும்.

முதலில், காலை உதைப்பதற்கும் உருளையில் உள்ள காற்றுக்கும் என்ன கணக்கு என்பதைப் பார்த்துவிடலாம். 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்து, 50 பாரை மீதி வைத்துக்கொண்டால் பயன்படுத்தக் கிடைப்பது 1,800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சிழுக்கும் ஒருவர் 15 மீட்டர் ஆழத்தில், அழுத்தம் இரண்டரை மடங்கு என்பதால், நிமிடத்திற்கு 50 லிட்டர் செலவழிக்கிறார். அவருக்கு 36 நிமிடம் கிடைக்கும். பொருந்தாத கால்துடுப்பால் மூச்சு வாங்கி அந்த 20 லிட்டர் 25 ஆகிவிட்டால் கிடைப்பது 29 நிமிடத்திற்குக் கொஞ்சம் குறைவு. ஏழு நிமிடம் காலடியில் கரைந்துபோகிறது.

வேகத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகவும், அதை வெல்லச் செலவிடும் ஆற்றல் மும்மடிப் பெருக்கமாகவும் கூடுகின்றன. வேகத்தைக் கால் பங்கு கூட்ட நினைத்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். அதனால்தான் "அதிவேகம்" என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் கால்துடுப்பை நான் வேகத்திற்காக மதிப்பதில்லை. நிதானமாகப் போகும்போது அது எவ்வளவு குறைவாக உழைக்க வைக்கிறது என்பதையே பார்க்கிறேன். கால்துடுப்பே ஒரு பெரிய சிக்கனம் என்பதில் ஐயமில்லை. பாவோலா ஜாம்பரோவும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பரப்பில் ஒரே வேகத்தில் நீந்தும்போது கால்துடுப்பு அணிந்தவரின் ஆற்றல் செலவு அணியாதவரைவிடச் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. உதையின் வீச்சு சுமார் பத்து சதவீதமே குறைய, உதைக்கும் எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைவான உதைகளில் நிறைய நீரை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுவதே சிக்கனத்தின் வழி என்பது இதிலிருந்து விளங்கும்.

பின்னுக்குத் தள்ளுவது என்பதில்தான் அலகின், அதாவது பாதத்திற்கு முன்னே நீளும் தட்டைப் பகுதியின், வடிவம் முக்கியமாகிறது. கால் மேலும் கீழும் அசைகிறது. நமக்கு வேண்டியதோ முன்னோக்கிய உந்துதல். வளையாத தகடு, கால் போகும் திசையிலேயே நீரை மேலும் கீழும் அறைகிறது. தொடை வலிக்கிறது, உடல் நகர்வதில்லை. அளவுக்கு மீறி நெகிழும் அலகோ ஈரத் துணிபோல மடிந்து நீரை வழியவிடுகிறது. உதையின் நடுவில் சாய்வாக வளைந்து நின்று, நீரைப் பின்பக்கம் வழித்துவிட்டு, உதை முடியும்போது நிமிரும் அலகே வேலை செய்யும் அலகு. எந்த அளவு விறைப்பு அதைச் செய்யும் என்பது உதைப்பவரின் காலைப் பொறுத்தது. தினமும் வலை இழுத்து உரமேறிய காலுக்குச் சரியாக வளையும் அலகு, நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் காலில் வளையாது. அவருக்கு அது பெரியவரின் அலுமினியத் தகடுதான்.

இனி, நாங்கள் பார்த்த வகைகள். ரப்பர் கால்துடுப்பு பழைய கருவியன்று: பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கொர்லியூ 1933-இல் காப்புரிமை பெற்றார், அமெரிக்கரான ஓவன் சர்ச்சில் 1940-களில் தம் வடிவத்திற்குப் பெற்றார். எங்கள் பட்டியலில் முதலில் நின்றது 1964-இல் ஜார்ஜ் பூஷா கொண்டுவந்த ஜெட் ஃபின் வழியில் வந்த கனத்த ரப்பர் கால்துடுப்பு. குட்டையான, அகலமான, விறைப்பான அலகு. பாதத்திற்கு அருகே நீர் புகுந்து வெளியேறும் துளைகள். குகைகளிலும் கப்பல் சிதைவுகளிலும் முக்குளிப்போர் இதை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. முழங்காலை மடித்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, தவளையைப் போல இரு கால்களாலும் நீரைப் பின்னே அணைத்துத் தள்ளும் தவளை உதைக்கு இதன் குட்டை அலகு கச்சிதமாக அமைகிறது. இந்த உதையில் நீர் பின்பக்கமே போவதால் அடியில் கிடக்கும் மணல் எழும்புவதில்லை. ஒவ்வோர் உதைக்கும் பிறகு சற்று நேரம் வழுக்கிச் செல்லலாம். அந்த இடைவெளியில் கால் ஓய்கிறது, மூச்சும் நிதானப்படுகிறது. பின்னோக்கி நகர்வதும், நின்ற இடத்தில் திரும்புவதும் இதில் எளிது.

இவ்வளவும் சொன்ன பிறகும் இதை நான் பரிந்துரைக்கவில்லை. இது நீரில் மூழ்கும் கனம் உடையது. குளிர்நாடுகளில் உள்ளே காற்று நிற்கும் உலர் உடை அணிவோருக்குக் கால் மிதக்கும். அந்த மிதப்பை இந்தக் கனம் சரிக்கட்டுகிறது. நாமோ மூன்று மில்லிமீட்டர் உடையோடு, பலர் வெறும் கால்சட்டையோடும் சட்டையோடும் இறங்குகிறவர்கள். நம் கால் மிதப்பதில்லை. மெலிந்த, தசை இறுகிய கால் என்றால் தானாகவே தாழும். பாதத்தில் கட்டிய அரைக் கிலோ, இடுப்பில் கட்டிய அரைக் கிலோவுக்குச் சமமாகாது. அது துலாக்கோலின் நுனியில் தொங்கும் எடை. கால் தாழ்ந்தால் உடல் சாய்கிறது. சாய்ந்த உடல் நீரை அகலமாக எதிர்கொள்வதால் எதிர்ப்பு கூடுகிறது. அதோடு உதை பின்னோக்கிப் போகாமல் கீழ்நோக்கிப் போவதால், அது மணலைக் கிளப்புவதுடன் ஆளை மேலே தூக்கவும் செய்கிறது. மேலே போகாமல் இருக்க அணிந்தவர் இடுப்பில் இன்னும் ஈய எடை கட்டுகிறார். ஈயம் கட்டியதால் இன்னும் உதைக்கிறார். நல்ல கால்துடுப்பு தவறான நீரில் எப்படிக் கெடுதலாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, அலகு நடுவே பிளந்த வகை. இதன் இரு பாதிகளும் உதையின்போது முறுக்கிக்கொண்டு, இறக்கையைப் போல நீரை வழிநடத்தி உந்துதல் தருகின்றன. காலுக்கு வரும் சுமை குறைவு; இரு கால்களையும் மாறி மாறி மேலும் கீழும் அசைக்கும் மாறுகால் உதை, சிறிதாக, விரைவாக இருந்தாலே போதும். முழங்காலில் வலி உள்ளவர், கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்பவர் ஆகியோருக்கு இது உண்மையிலேயே ஆறுதல். தெளிந்த நீரில், அடியிலிருந்து உயரத்தில், நேராக நீண்ட தூரம் நீந்துவதற்கு இதைக் குறைகூற எனக்கு மனம் வராது.

ஆனால் எங்கள் பார்களில் நேர்வழி என்பது அரிது. வாடகைக்கு எடுத்த பிளவுத் துடுப்போடு ஒருமுறை ஒரு பாறைக் குடைவின் வாயில் சிங்கி இறாலின் நீண்ட மீசைகள் அசைவதைக் கண்டு நெருங்கினேன். முகக்கண்ணாடி பாறையிலிருந்து ஒரு முழம் இருக்கும்போது அலை என்னை இன்னும் உள்ளே தள்ளியது. பின்னோக்கி வரப் பாதத்தை மடக்கி நீரை இழுத்தேன். நெகிழ்ந்த இரு பாதிகளும் ஆளுக்கொரு பக்கம் மடங்கினவே தவிர, உடல் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. பதற்றத்தில் மேலும் கீழும் உதைத்தேன். அடியிலிருந்து சாம்பல் நிறத் தூள் புகைபோல எழுந்து குடைவை மூடியது. பின்னால் வந்த நண்பருக்கு என் கால்கூடத் தெரியவில்லை. கையை நீட்டிப் பாறையைத் தள்ளித்தான் விலகினேன். தள்ளிய இடத்தில் பவளம் இல்லாமல் இருந்தது என் திறமையன்று. இராமேசுவரம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த கடல் இது. கல்போல வளரும் பவளம் சட்டத்தால் காக்கப்படுவது. ஓர் உதையில் உடையும் கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். எழுப்பிய மணலும் எங்கும் போய்விடுவதில்லை, பவளத்தின் மேலேதான் படிகிறது. பின்வாங்கத் தெரியாத கால்துடுப்பை இங்கே அணிந்துகொண்டு பாருக்கு அருகில் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மூச்சடக்கி முக்குளிப்போரின் நீண்ட கால்துடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். பெரிய வீச்சில் மெதுவாக உதைப்பதற்கு அது மிகச் சிக்கனமானது. கண்ணாடி இழை, கார்பன் இழை அலகுகள் வளைந்து நிமிரும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கின்றன. ஆனால் அவ்வளவு நீளமான அலகின் நுனி எங்கே இருக்கிறது என்பது அணிந்தவருக்கே தெரிவதில்லை. இடுக்கில் திரும்ப முடியாது. வள்ளத்தில் வைக்க இடமும் இல்லை. அந்தப் பெரியவரின் வேலைக்கு அது பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது.

நான்காவது, நடுத்தர நீளமுள்ள பிளாஸ்டிக் அலகு வகை. இரு ஓரங்களிலும் விறைப்பான வரம்புகள். நடுவில் நெகிழும் ரப்பர் பட்டைகள். உதைக்கும்போது நடுப்பகுதி குழிந்து, வயல் வாய்க்கால்போல நீர் ஓரத்தில் சிந்தாமல் பின்னே ஓடுகிறது. சில மாதிரிகள் நீரில் மெல்ல மூழ்கும், சில மிதக்கும். மூழ்குவதா மிதப்பதா என்று சொல்லத் தயங்கும் அளவுக்கு நடுநிலையில் நிற்பவற்றையே நாங்கள் தேடினோம். தவளை உதையில் இது கனத்த ரப்பர் வகைக்குக் கொஞ்சம் பிந்தியது. மாறுகால் உதையில், நீவாட்டை எதிர்த்துப் போக வேண்டிய நேரத்தில், முந்தியது. பின்னோக்கி நகர்வது பழகினால் வருகிறது. எல்லாவற்றிலும் முதலிடம் பெறாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சிலருக்கு நிறைவளிக்காது என்பதை அறிவேன். ஆனால் ஒரே முக்குளிப்பில் இந்த மூன்று உதைகளும் தேவைப்படும் இடம் எங்கள் கடல்.

வள்ளத்தில் ஏறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் படித்த வெளிநாட்டு ஒப்பீடுகள் எதிலும் இது வரவில்லை. ஏணி உள்ள படகில் கால்துடுப்பைக் கழற்றி மேலே கொடுத்துவிட்டு ஏறுவார்கள். எங்கள் வள்ளத்தில் எடைப் பட்டையையும் உருளையையும் முதலில் கொடுத்துவிட்டு, விளிம்பை இரு கைகளாலும் பிடித்து, காலை நீரில் பின்னே படுக்கவைத்து, மூன்று நான்கு பலமான உதைகளில் உடலை மார்பு வரை தூக்கிச் சாய்க்க வேண்டும். அதுவரை கால்துடுப்பு காலிலேயே இருக்க வேண்டும். அது உடனடியாக உந்துதல் தரவும் வேண்டும். பிளவு வகையில் எங்களில் ஒருவர் இரண்டு முறை வழுக்கி நீரில் விழுந்தார். ரப்பர் வகையிலும் பிளாஸ்டிக் வகையிலும் இந்தச் சிக்கல் எழவில்லை.

பாதம் புகும் பகுதியில் எங்களுக்குள் வாதமே எழவில்லை. செருப்புபோல முழுப் பாதமும் நுழையும் வகை இலேசானது, விலையும் குறைவு. ஆனால் அலையடிக்கும் கரையில் சிப்பி ஒட்டிய பாறைமேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. குதிகால் திறந்த வகையைக் காலணியோடு அணியலாம். வாரைப் பொறுத்தவரை ரப்பரையும் பிளாஸ்டிக் கொக்கியையும் விட்டு, துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில் வாரைக் கேட்டு வாங்குவது நல்லது. நம் வெயிலிலும் உப்பிலும் ரப்பர் வார் முதலில் ஓரத்தில் மயிரிழையாக வெடிக்கும், பிறகு நீருக்கடியில் அறுந்துபோகும். வாங்கும்போது காலணியைக் கையோடு கொண்டுபோய், அதை அணிந்தே கால்துடுப்பை மாட்டிப் பார்க்க வேண்டும். குதிகாலை ஆட்டினால் பாதம் உள்ளே நழுவக் கூடாது. நழுவும் ஒவ்வொரு விரற்கடையும், உதையின் தொடக்கத்தில் அலகுக்குப் போகாமல் வீணாகும் அசைவு.

சோதித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று சொல்வேன். பாளையங்கோட்டையில் ஒரு நீச்சல் குளத்தில் முதலில் உதைகளை எண்ணினோம்: ஒரே நீளத்தை, ஒரே நேரத்தில் கடக்கும்படி நிதானித்து, ஒவ்வொரு ஜோடியையும் மூன்று முறை. எண்ணிக்கை குறைவாக இருப்பது மட்டும் போதாது. கடந்து முடித்ததும் மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். விறைப்பான அலகு உதைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு மூச்சைக் கூட்டும். உடல் கிடைநிலையில் நிற்கிறதா என்பதைக் குளத்தில் வைத்து முடிவு செய்யக் கூடாது. கடல் நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தியானது. கருவிகளோடு ஓர் ஆளுக்கு அது சுமார் இரண்டு கிலோ மிதப்பு வேறுபாடு. பிறகு கடலில், ஐந்து மீட்டர் ஆழ மணல்தரையில், ஒரே வழியில் பத்து நிமிடம் போய்வந்து அழுத்தமானியைப் பார்த்தோம். ஒரு நிமிடச் சோதனை பயன்படாது. அந்த ஆழத்தில் ஒரு நிமிடத்தில் இறங்குவது இரண்டரைப் பார்தான், முள் அதைக் காட்டாது.

முடிவில் எங்களில் மூவர் நடுத்தர விறைப்புள்ள பிளாஸ்டிக் அலகு, குதிகால் திறந்த அமைப்பு, எஃகு வார் என்று வாங்கினோம். அவர்களில் ஒருவர் மீன்பிடிக் குடும்பத்துப் பையன். அவன் கால் வலுவுக்கு அதே மாதிரியில் ஒரு படி விறைப்பானதை எடுத்தோம். நான்காமவர் ஓர் ஆசிரியை. பல ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் தசைநார் அறுந்து தைத்துக்கொண்டவர். தவளை உதையில் முழங்காலை வெளிப்பக்கம் திருப்பும்போது அவருக்கு வலி வருகிறது. ஆகவே மற்ற மூவருக்கும் நான் வேண்டாம் என்ற பிளவு வகையே அவருக்குச் சரியானது. "அண்ணே, அப்போ நான் பார்கிட்ட வரக் கூடாதா?" என்று கேட்டார். பாருக்கு இரண்டு மீட்டர் மேலே நின்று பார்க்கலாம் என்றும், நீவாடு இருக்கும் நாளில் நீரோட்டம் போகும் திசையில் அவருக்குக் கீழ்ப்பக்கமாக எங்களில் ஒருவர் நீந்துவது என்றும் பேசி வைத்திருக்கிறோம். வள்ளத்தில் ஏறுவதற்கு மட்டும், விளிம்பில் கட்டி நீரில் தொங்கவிடக் காலை நுழைக்கும் கண்ணி போட்ட ஒரு கயிற்றை அந்தப் பையனே முடிந்து கொண்டுவந்திருக்கிறான்.